நிலம் ஏறும் பக்கம்

நாங்கள் டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்தில் வீடு வாங்கியபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வழக்கமான கேள்விகளைத்தான் கேட்டார்கள். எத்தனை அறை, வெயில் எந்தப் பக்கத்தால் வரும், பஸ் தரிப்பு கிட்டவோ, பள்ளிக்கூடம் எப்படி. என்னோடு வேலை செய்கிற அக்கா மட்டும் சப்பாத்தைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்துவிட்டு, வாசலில் நின்றபடி தெருவின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"தங்கச்சி, இந்தப் பக்கம் நிலம் ஏறுதோ, பதியுதோ?"

என் கணவர் அவர் வீட்டின் உறுதியைப் பற்றிக் கேட்பதாக நினைத்துக்கொண்டார். "வீடு பழசுதான் அக்கா. ஆனால் அத்திவாரம் நல்லம். ஆள் வைச்சுப் பாத்துத்தான் வாங்கினனாங்கள்" என்றார்.

"நான் வீட்டைக் கேக்கேல்லைத் தம்பி. நாட்டைக் கேக்கிறன்."

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் கூடச் சிரித்தார். கேலி செய்கிறவர்களோடு சேர்ந்து சிரித்துவிடுவது அவருடைய பழக்கம். தேத்தண்ணீர் குடித்தார், வடை நல்லாயிருக்கு என்றார், எல்லா அறையையும் சுற்றிப் பார்த்தார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பயப்பிடாத. கோடு இதுக்குக் கிட்டத்தான் போகுது. இஞ்ச ஏறவும் இல்லை, பதியவும் இல்லை எண்டுதான் சொல்லவேணும்."

என்ன கோடு என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

அக்கா மன்னாரைச் சேர்ந்தவர். நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தோம். நான் முதியவர்களைப் பராமரிக்கும் பிரிவில், அவர் குசினியில். கட்டையான, உறுதியான உடம்பு. நடை மட்டும் அவசரமாக இருக்கும். அவருடைய கைப்பையில் எப்போதும் இரண்டு போத்தல் தண்ணீர் இருக்கும். ரயிலில் பக்கத்தில் யாராவது இருமினால்கூட ஒரு போத்தலை எடுத்து நீட்டுவார். குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் கொட்டுகிற நாட்டில் இதென்ன சுமை என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். "கிடக்கட்டும்" என்பார். நிலத்தளத்து வீடு ஒன்றில் அவர் குடியிருந்ததே இல்லை. முழங்கால் தேய்ந்து, படியேறுவது கரைச்சல் என்று வைத்தியர் சொன்ன பிறகும் மூன்றாம் மாடியில்தான் இருந்தார். கோவில் திருவிழாவோ தேவாலயத்து ஒன்றுகூடலோ, எங்களுடைய சனம் கூடுகிற இடத்தில் அவர் வந்தால், "நிலம் ஏறுதோ அக்கா வாறா" என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டுவார்கள். யார் வீடு வாங்கினாலும் அவர் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

அது என்ன கதை என்று நான் அறிந்தது குசினியில்தான். ஒரு நாள் காலை உணவுக்குப் பணிஸ் செய்வதற்காக அக்கா மாவைக் குழைத்துப் பொங்க வைத்திருந்தார். நான் கோப்பி எடுக்கப் போனேன். "இஞ்ச வா, ஒரு சாமான் காட்டுறன்" என்று கூப்பிட்டு, பொங்கியிருந்த மாவைப் பெருவிரலால் அமத்தினார். குழி விழுந்தது. விரலை எடுத்தார்.

"பார்."

குழி மெல்ல மெல்ல மேலே வந்தது. முழுவதும் நிரம்பவில்லை. ஆனால் வந்துகொண்டே இருந்தது.

"இந்த நாடும் இப்பிடித்தான். ஒரு காலத்தில இதுக்கு மேல மலை மலையாப் பனிக்கட்டி கிடந்ததாம். நோர்வே, சுவீடன் பக்கம் இன்னும் தடிப்பு. அந்தப் பாரத்துக்கு நிலம் கீழ பதிஞ்சு போச்சு. பிறகு பனி உருகிப் போயிட்டுது. பாரம் போனாப் போல நிலம் உடன மேல வராது. இப்பவும் வந்துகொண்டிருக்கு. வடக்க ஏறுது. தென்மேற்கில கொஞ்சம் பதியுது. நடுவில ஒரு கோடு." அவர் மாவின் மேல் விரலால் குறுக்காக ஒரு கோடு போட்டார். "எங்கட வீடுகள் இதில."

இதை அவருக்குச் சொன்னது டென்மார்க்குக்கு வந்த புதிதில் மொழிப் பாடசாலையில் படிப்பித்த ஆசிரியைதான். நாட்டின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, போகிற போக்கில் ஒரு பாடமாகச் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அப்போது டெனிஷில் பெயர் சொல்லவும் பாண் வாங்கவும்தான் தெரியும். ஆனால் அன்றைக்கு எழுந்து நின்று, கையைக் கீழேயிருந்து மேலே உயர்த்திக் காட்டி, "நிலம்? கடலில் இருந்து? மேலே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். ஆசிரியை ஓம் என்றிருக்கிறார். கடைசிவரை அக்காவின் டெனிஷ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஒரு சொல் மட்டும் டெனிஷ்காரர் சொல்வது போலவே வரும்: லண்ட்ஹேவ்னிங். நிலம் எழும்புவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்.

ஏன் அவருக்கு இதில் இவ்வளவு பிடிப்பு என்று அதன் பிறகும் பல மாதங்கள் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் இல்லத்தில் தண்ணீர் குடிக்க மறுக்கும் ஒரு மூதாட்டி இருந்தார். குவளையை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிவிடுவார். ஒரு வெக்கையான நாள் நான் இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டுக் குவளையை மேசையில் வைத்தேன். சற்று நேரத்தில் அக்கா குசினியிலிருந்து வந்து, அவரருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தேக்கரண்டியால் ஒவ்வொரு சொட்டாகக் கொடுக்கத் தொடங்கினார். அவருடைய வேலை நேரம் முடிந்திருந்தது. மூதாட்டியின் உதடு ஈரமாகி, தொண்டை அசைந்தால், அக்காவின் தொண்டையும் அசைந்தது.

"காணும் அக்கா. அவ குடிச்சிட்டா. வீட்டை போங்கோ" என்றேன்.

"காணாது" என்றார். பிறகு, கரண்டியை நிறுத்தாமலே சொன்னார்: "என்ர பிள்ளை தண்ணி இல்லாமல்தான் போனவன்."

அவருக்கு ஒரு மகள் மட்டும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மன்னாரில் சண்டை மூண்டபோது சனம் படகேறி இந்தியாவுக்கு ஓடியது. அக்காவின் கணவர் அதற்கு முதலே, அக்கா வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போதே, டென்மார்க்குக்கு வந்துவிட்டார். அக்கா கைக்குழந்தையோடு அயலவர்களுடன் சேர்ந்து படகேறினார்.

"விடியிற நேரம் கொண்டுபோய் இறக்கினவங்கள். இதுதான் இந்தியா, கொஞ்சம் நடந்தால் ஊர் வரும் எண்டாங்கள். நடந்தம். நாலு பக்கமும் கடல். மணல் திட்டி அது. வேற படகு வந்து ஏத்தும் எண்டு இருந்தம். வரேல்லை. மரமில்லை, நிழலில்லை. அவனுக்கு அப்ப குப்புறப் பிரளுற வயசு. கொண்டுபோன தண்ணி முடிஞ்சு போச்சு. எனக்குப் பாலும் வத்திப்போச்சு."

மூதாட்டி வாயைத் திறந்தார். அக்கா ஒரு கரண்டி ஊற்றினார்.

"அடுத்த நாள் மத்தியானம் போயிட்டான். ஆம்பிளையள் உயரமான இடமாப் பாத்துக் கையால தோண்டித் தாட்டவை. பின்னேரம் காத்து மாறிச்சு, கடல் ஏறத் தொடங்கிட்டுது. திட்டி சுருங்கிக்கொண்டு வந்துது. எல்லாரும் உயரத்துக்குத்தானே போகவேணும்? உயரமான இடம் அது ஒண்டுதான். எல்லாரும் அதிலதான் ஏறி நிண்டம்." மூதாட்டியின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். "நானும் அதிலதான் நிண்டனான், தங்கச்சி. அவனுக்கு மேல."

இந்தியப் பக்கத்து மீனவர்கள் வந்துதான் அவர்களை ஏற்றினார்கள். படகிலிருந்து திரும்பிப் பார்த்தபோது மணல் தெரியவில்லையாம். தண்ணீர் மட்டும்தான்.

கரண்டியைக் குவளையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப அது மேல வந்திருக்கும் எண்டு நினைக்கிறியோ?"

எனக்குத் தெரியாது என்றேன். வந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாமோ என்று பிறகு பல தரம் யோசித்திருக்கிறேன். அந்த நேரம் வாயில் வந்தது அதுதான்.

அதன் பிறகு அவருடைய கேள்வியை யார் கேலி செய்தாலும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் அவர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மகள் டிலானிக்குக்கூடத் தெரியாது என்று அவர் சொல்லியிருந்தார். "இஞ்ச பிறந்த பிள்ளை. அதுக்கு ஏன் இது" என்பார்.

அக்காவின் கணவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். குறைவாகப் பேசுகிறவர். அவர்களைக் கொம்மூன், அதாவது உள்ளூராட்சி, முதலில் குடியேற்றியது நாட்டின் தென்மேற்கில், கடலுக்கு அணை கட்டி அதன் பின்னால் ஊர் வைத்திருக்கும் தாழ்ந்த நிலத்தில். அங்கே அண்ணைக்கு ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை. டிலானி பிறந்ததும் அங்கேதான். ஒரு புயல் நாளில் வானொலியில் அணையைப் பற்றி எச்சரித்திருக்கிறார்கள். அண்ணை வேலையால் வந்தபோது அக்கா கட்டிலின் மேல் சப்பாத்தோடு நின்றிருக்கிறார், தோளில் பிள்ளை. அணை உடையவில்லை. தண்ணீர் வரவும் இல்லை. ஆனால் அக்கா இறங்க மாட்டேன் என்று நின்றிருக்கிறார்.

"அடுத்த கிழமையே வேலையை விட்டிட்டன்" என்று அண்ணை ஒரு தரம் எங்கள் வீட்டில் வைத்துச் சொன்னார். "ஹோர்சன்ஸில சொந்தக்காரர் ஒருத்தர் இருந்தவர். வந்திட்டம்."

"நல்ல வேலையெல்லோ அண்ணை? கவலையில்லையோ?" என்று என் கணவர் கேட்டார்.

"வேலை இன்னொண்டு கிடைக்கும், தம்பி."

பத்துப் பதினைந்து வருடம் ஹோர்சன்ஸில் இருந்தார்கள். பிறகு ஒரு நாள் அக்கா வந்து, வடக்கே பிரெடெரிக்ஸ்ஹவனுக்குப் போகிறோம் என்றார். அங்கேயும் ஒரு முதியோர் இல்லத்தில் குசினி வேலை கிடைத்திருக்கிறது. அண்ணை ஐம்பது வயதுக்கு மேல் மறுபடியும் புது இடத்தில் வேலை தேட வேண்டும். "அங்க நிலம் நல்லா ஏறுது, தங்கச்சி" என்றார் அக்கா. சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கலியாண வீட்டுக்குப் போகிறவரைப் போல இருந்தார்.

அவர்களை அங்கே பார்க்கப் போனபோது அக்கா எங்களை ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். வயல்களுக்கு நடுவே ஒரு சரிவு, நீளமாக, சுவர் போலப் போயிற்று. கடல் அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. "இதுதான் பழைய கடற்கரை" என்றார். "கடல் இதில வந்து மோதிக்கொண்டிருந்ததாம். மோதி மோதி வெட்டின இடம் இது. பிறகு நிலம் மேல வர, கடல் அங்க போயிட்டுது." உழுது கிடந்த மண்ணைக் காலால் கிளறி, வெளிறிப்போன சிப்பி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கடலுக்கு இவ்வளவு தள்ளி, பார்லி விளைகிற இடத்தில் சிப்பி. வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தானாம் இந்த ஏற்றம். ஆனால் ஆயிரக்கணக்கான வருடங்களில் கடலடி வயலாகிவிட்டது. அக்கா சரிவின் மேலே ஏறி நின்று பார்த்தார். முழங்கால் வலிக்கும் என்று அண்ணை சொன்னார். கேட்கவில்லை.

டிலானி படிப்பில் கெட்டிக்காரி. ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தாள். பிறகு ஒரு கொம்மூனில், கடல் மட்டம் உயரும்போது கரையோரத்து வீடுகளை என்ன செய்வது என்று திட்டம் போடுகிற பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். தாய் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியால்தான் அந்தப் பக்கம் போனாள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் வீட்டில் அதைப் பற்றி அவள் வாய் திறப்பதில்லை. அக்கா தமிழில் கேட்பார், அவள் டெனிஷில் இரண்டு சொல்லில் பதில் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாள்.

ஒரு கோடையில் அக்கா லேசோவுக்குப் போவோம் என்றார். பிரெடெரிக்ஸ்ஹவனிலிருந்து கப்பலில் போகிற சின்னத் தீவு. முழுவதும் கடலடி மணலாகக் கிடந்து, நிலம் மேலே வர வர, கடல் மணலைக் கொண்டுவந்து சேர்க்கச் சேர்க்க, தீவாகி வந்த இடம். அக்கா அதைப் பற்றிப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிட்ட இருந்துகொண்டே போகாமலும் இருந்தார். அந்தக் கோடையில் நான் விடுமுறையில் அவர்களோடு இருந்தேன். அக்கா, அண்ணை, டிலானி, நான், நாலு பேரும் போனோம்.

தீவின் தெற்குப் பக்கத்தில் நிலம் இன்னும் நிலமாகி முடியவில்லை. புல்லும் உப்புத் தண்ணீரும் மணலும் கலந்த ஒரு சமவெளி, கண்ணுக்கெட்டிய தூரம். ட்ரக்டர் இழுத்த வண்டியில் இருபது பேரளவில் போனோம். வழிகாட்டி ஒரு வயதான டெனிஷ் பெண். காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். அக்கா முன் வரிசையில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். இந்தப் புல்வெளி ஒரு காலத்தில் அலைக்குள் இருந்தது என்று அந்தப் பெண் சொன்னபோது என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

அப்போது பின்னால் நின்ற ஒருவர் கேட்டார்: "இப்போதும் தீவு வளர்கிறதா? கடல் மட்டம் உயர்கிறதே?"

டிலானி தலையைக் குனிந்ததை நான் கண்டேன்.

"நல்ல கேள்வி" என்றார் வழிகாட்டி. "நிலம் இன்னும் எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இப்போது கடல் அதைவிட வேகமாக உயர்கிறது. இவ்வளவு காலமும் நிலம் முன்னுக்கு ஓடியது. இனி ஓடாது."

சிலர் ஐயோ என்றார்கள். வழிகாட்டி நடக்கத் தொடங்கினார். அக்கா நகரவில்லை. பிறகு அவசரமாக ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, தன்னுடைய டெனிஷில் கேட்டார்: "என் நாட்டில். இரண்டு நாட்டுக்கு நடுவில். கடலில் மணல். அதுவும் மேலே வருமா?"

"அங்கே பனிக்காலம் இருந்ததா? பனிக்கட்டி?"

"பனி இல்லை. வெயில்."

அந்தப் பெண் நல்லவர். அக்காவின் முகத்தைப் பார்த்து, கேள்வி சுற்றுலாக் கேள்வி அல்ல என்று விளங்கிக்கொண்டார். "அப்படியானால் இங்கே மாதிரி அங்கே நடக்காது. நிலம் வேறு காரணங்களாலும் உயரலாம், அது எனக்குத் தெரியாது. ஆனால் கடலில் இருக்கும் மணல் ஒரே இடத்தில் இருக்காது. நீரோட்டம் அதை இழுத்துக்கொண்டு போகும், வேறிடத்தில் போடும்."

"இடம் மாறும்?"

"மாறும்."

அக்கா நன்றி சொன்னார். அந்தப் பெண் போன பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஈரம், அக்கா என்றேன். காதில் விழவில்லை. டிலானியைப் பார்த்துக் கேட்டார்:

"கடல் கெதியா ஏறுது எண்டு உனக்குத் தெரியுமோ?"

"யா, அம்மா."

"எப்ப இருந்து தெரியும்?"

டிலானி முதலில் டெனிஷில் தொடங்கினாள். பிறகு நிறுத்தி, தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். "கன வருசமா. பள்ளிக்கூடத்தில இருந்து. நீங்கள் வடக்க வாறதுக்கு முதல். அப்பா ஹோர்சன்ஸ் வேலையை விடேக்க… நான் சொல்லவேணும் எண்டு நினைச்சன். உங்களுக்குச் சரியான சந்தோசமா இருந்தது. என்னால ஏலேல்லை."

"இவ்வளவு காலமும் தனிய வைச்சிருந்தனியோ, பிள்ளை?"

அவர் கோபப்படுவார், அல்லது அழுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவருக்கு வந்தது மகள் மேல் இரக்கம். கையை நீட்டினார். டிலானி தூக்கிவிட்டாள். இருவரும் எங்களை விட்டு, தண்ணீர் மினுங்கிய பக்கமாக நடந்தார்கள்.

நானும் அண்ணையும் வண்டியருகே நின்றோம். தூரத்தில் அக்கா நின்று பேசுவதும், கையைக் குழந்தை ஏந்துவது போல வைத்துக் காட்டுவதும் தெரிந்தன. டிலானி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். பிறகு தாயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே முழங்காலில் இருந்துவிட்டாள்.

"சொல்லிப்போட்டா" என்றார் அண்ணை.

அவர்கள் திரும்பி வந்தபோது டிலானியின் முகம் வீங்கியிருந்தது. நேராகத் தகப்பனிடம் போனாள்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாம் தானே, அப்பா?"

அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்தார். "நான் அவனைக் காணேல்லை, பிள்ளை. காணாத ஆள் என்னத்தைச் சொல்லுறது."

கப்பலில் திரும்பி வரும்போது அக்கா யன்னலோரம் இருந்து மகளின் தலையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். வளர்ந்த பெண், கால்கள் கதிரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அதன் பிறகு அக்கா அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டார். அடுத்த வருடம் ஹோர்சன்ஸில், கடலேரிக் கரைக்குப் பக்கத்தில், எங்களுக்குத் தெரிந்த இளம் தம்பதி வீடு வாங்கினார்கள். அக்காவும் அண்ணையும் வடக்கிலிருந்து வந்திருந்தார்கள். அக்கா அறைகளைச் சுற்றிப் பார்க்கும்போது எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "என்ன அக்கா, நிலம் ஏறுதோ எண்டு கேக்கேல்லையோ?" என்றார்.

"வடிவான வீடு" என்றார் அக்கா. "நல்லா இருங்கோ, பிள்ளையள்."

கேட்டவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. எனக்கும்தான். முப்பது வருடமாக அவரை நிமிர்த்தி வைத்திருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது போல இருந்தது. மெலிந்தும் இருந்தார். மனக்கவலை என்று நினைத்தோம். ஆனால் அது மட்டுமல்ல. வயிற்றில் நோய் ஏற்கனவே பரவியிருந்தது.

அதற்குள் டிலானி ஒரு பயணத்துக்கு ஒழுங்கு செய்திருந்தாள். தாயும் மகளும் இராமேஸ்வரம் போய், அங்கிருந்து கடலைப் பார்ப்பதாக. திட்டிக்குப் போக முடியுமோ தெரியாது, கரையில் நின்றாவது பார்க்கலாம் என்று அக்கா தொலைபேசியில் என்னிடம் சொன்னார். "பாக்கிறதுக்கு அங்க என்ன கிடக்கு? மணல் எங்கயோ போயிருக்கும். ஆனாலும் இவள் கூப்பிடுறாள். போயிட்டு வருவமாம்." அவருடைய குரலில் பழைய அவசரம் கொஞ்சம் திரும்பியிருந்தது. வைத்தியர்கள் பயணம் செய்யவேண்டாம் என்றார்கள். இரண்டாம் சிகிச்சை முடியட்டும் என்றார்கள். அது முடியவில்லை.

கடைசி நாட்களில் நான் போய் அவர்களோடு இருந்தேன். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். தாதிகள் வந்து போனார்கள். விழுங்க முடியாமல் போனபோது டிலானி பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். முறை மாறி நான் வைக்கிறேன் என்றால் தர மாட்டாள். ஒரு காலையில், யன்னலால் நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்த நேரம், அக்கா போய்விட்டார்.

மத்தியானம் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்கிற நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அக்காவை இன்னும் எடுத்துச் செல்லவில்லை. நானும் ஒரு தாதியும் சேலை உடுத்திப் படுக்கையில் கிடத்தியிருந்தோம். நாங்கள் குசினி மேசையைச் சுற்றி இருந்தோம். அந்தப் பெண் தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தத் தேவாலயம், எந்தப் பாட்டு, பத்திரிகையில் அறிவித்தல் போடுவதா, கல்லில் என்ன எழுதுவது.

"அவருக்கு எத்தனை பிள்ளைகள்?"

அண்ணை மேசையைப் பார்த்தார். டிலானி சொன்னாள்: "இரண்டு."

"அறிவித்தலில் இரண்டு பேருடைய பெயரையும் போடுவோமா?"

டிலானி தன் பெயரைச் சொன்னாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். அண்ணை தொண்டையைச் செருமினார்.

"அன்ரன்" என்றார்.

பதினெட்டு வருடப் பழக்கத்தில் அந்தப் பெயரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டார். டென்மார்க்கிலும் எல்லோரும் வைக்கிற பெயர்தான். "அன்ரனும் சவப்பெட்டி தூக்க வருவாரா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றாள் டிலானி. "அவர் குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார்."

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டார். சற்றுப் பொறுத்து, கல்லில் குழந்தையின் பெயரையும் சேர்க்க விரும்பினால் பிறந்த திகதியும் போடலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள் என்றார். டிலானி தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அண்ணா எப்ப பிறந்தவர்?"

அண்ணா என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணையும் அதை முதல் தடவையாகத்தான் கேட்டிருக்க வேண்டும். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தை மாசமா இருக்கவேணும்" என்றார். "எனக்குச் சேதி பிந்தித்தான் வந்தது. ஆம்பிளைப் பிள்ளை, சுகம் எண்டு. திகதி… அம்மாவுக்குத்தான் தெரியும்."

அண்ணை கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து, அக்கா கிடந்த அறைப் பக்கம் போனார். கேட்டுக்கொண்டு வரப் போகிறவரைப் போலத்தான் போனார். வாசல் நிலையில் கையை வைத்தபடி சிறிது நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே இருந்தார்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றார்.